விளிம்பு காயும் நேரம்

கல்யாண வீடுகளில் யாராவது கெண்டிச்செடியைப் பற்றிக் கேட்டுவிட்டால், டாக்டர் குணவதி வாயைத் திறப்பதற்குள் அவள் கணவர் தியாகராஜன் முந்திக்கொள்வார். "விருந்தாளியக் கூப்பிட்டு, தேன் குடுத்து உபசரிச்சு, கடைசில விருந்தாளியையே சாப்பிடற செடி" என்பார். கேட்டவர் சிரிப்பார். குணவதிக்கு மட்டும் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். அந்தச் செடி எல்லா விருந்தாளியையும் சாப்பிடுவதில்லை என்று கண்டுபிடிக்கத்தான் அவள் தன் இளமையைச் சரவாக்கின் சதுப்புக் காடுகளில், அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக் கழித்திருந்தாள்.

இலையின் நுனி நீண்டு, கிண்ணமாகத் தொங்கும். அதற்கு ஒரு மூடி, வழுக்கும் விளிம்பு, உள்ளே பூச்சியைக் கரைக்கும் நீர். மலாய்க்காரர்கள் குரங்குப் பானை என்பார்கள். சில ஊர்களில் அந்தக் கிண்ணத்துக்குள் புளுட்டு என்னும் ஒட்டரிசியையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றி வேகவைத்துத் தின்பார்கள். குணவதியும் நிறையத் தின்றிருக்கிறாள். தான் ஆராயும் பொருளைத் தானே சாப்பிடும் விஞ்ஞானி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று தியாகராஜன் அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தார்.

அவள் ஆய்வு முழுவதும் அந்த விளிம்பைப் பற்றியது. விளிம்பு ஈரமாக இருந்தால் எறும்பு சறுக்கி விழும். காட்டில் உச்சிவெயில் நேரத்தில் அது காய்ந்துபோகும். அப்போது வரும் எறும்பு தேனைக் குடித்துவிட்டுச் சௌகரியமாக வீடு திரும்பும். திரும்பியது சும்மா இருக்குமா? உறவு முறையெல்லாம் திரட்டிக்கொண்டு சாயங்காலம் வரும். அதற்குள் விளிம்பு மறுபடி ஈரமாகியிருக்கும். பகலில் சிலரைத் தப்பவிடுகிற செடிதான் ஒருநாளும் பட்டினி கிடக்காது. "காயும் நேரம்" என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். சோற்றில் கை வைத்தால் அந்தப் பேச்சுதான். வீட்டில் எல்லாருக்கும் அது பாராயணம்.

அப்படிப்பட்டவள் செய்த தவற்றைத்தான் சொல்ல வந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கலையே படித்துப் பட்டம் வாங்கியவளுக்கும் சறுக்கியது.

தியாகராஜன் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற வருடம் அவருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ரத்தத் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கி, ஒரு வாரம் அவர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் கிடந்தார். பிழைத்து எழுந்தபோது மருத்துவர் ஓர் எச்சரிக்கை சொல்லி அனுப்பினார். டிங்கியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் முதல் தடவையைவிட மோசமாக இருக்கும், உயிருக்கே உத்தரவாதமில்லை. கொசுவுக்கோ அவரைத்தான் பிடிக்கும். பள்ளி முகாம்களில் அவர் பக்கத்தில் படுக்கப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். அவர் இருந்தால் மற்றவர்களைக் கொசு சீண்டாது.

கொசு ஒழிப்பு ஆணையம் என்று அரசாங்கம் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தது அந்தச் சமயம்தான். அதன் தலைவர் டாக்டர் ரொஸ்லினா, குணவதியைவிடப் பத்து வயது இளையவர், வேலையில் புலி. கொசு மனித வாசனையைத் தேடி வருகிறது. கெண்டிச்செடியின் தேனில் மனித வாசனையை ஏற்றிவிட்டால் கொசு மனிதனை விட்டுவிட்டுச் செடியிடம் போகுமே என்று அவர் கேட்டார். மரபணுவில் கைவைத்துச் செய்யக்கூடிய காலமாகிவிட்டது. யாருடைய வாசனை என்பதுதான் கேள்வி. தொண்டர்கள் பலர் தாங்கள் போட்டுக் கழற்றிய பனியன்களைக் கொடுத்தார்கள். நீளமான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் ஒருவர் பனியன், மறுமுனையில் இன்னொருவர் பனியன், நடுவில் கொசுக்கள். எந்தப் பனியனை எதிரே வைத்தாலும் தியாகராஜனின் பனியன்தான் ஜெயித்தது.

அடுத்து விளிம்பைப் பற்றிப் பேச்சு வந்தது. காட்டுச் செடி போல நகரச் செடியும் தினமும் கொஞ்ச நேரம் காய வேண்டுமா என்று ரொஸ்லினா கேட்டார். மருத்துவமனையில் கணவரின் வெளிறிய முகத்தைப் பார்த்து ஒரு மாதம்கூட ஆகாத குணவதி, வேண்டாம் என்றாள். ஒன்றுகூடத் தப்பக் கூடாது என்றாள். தேன் அதிகம் சுரந்து எந்நேரமும் விளிம்பை நனைத்தபடி இருக்கும் ஒரு வகையை அவளே உருவாக்கிக் கொடுத்தாள். வாழ்க்கையில் அவள் ஆசை ஆசையாகச் செய்த வேலை அதுதான்.

நகரத்து அடுக்குமாடிகளின் நடைபாதைகளில் எல்லாம் அந்தச் செடி தொங்கியது. மனித மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாது. கொசுவுக்கு வரிசை வரிசையாகத் தியாகராஜன்கள் தொங்குவதாகத் தோன்றியிருக்கும். சில வருடங்களில் டிங்கி வார்டுகளைக் குழந்தைகள் வார்டாக மாற்றினார்கள். தியாகராஜன் சட்டை இல்லாமல் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவரை அப்படிப் பார்க்கும் போதெல்லாம் குணவதிக்கு வயிறு குளிர்ந்தது.

முதலில் சந்தேகப்பட்டவள் மகள் நளாயினி. அரசாங்க மருத்துவமனையில் தாதி. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெற்றோருடன்தான் இருந்தாள். டிங்கி மறுபடி தலைதூக்கி, மூடிய வார்டைத் திறந்த மாதத்தில் ஒருநாள் பசியாறும்போது, வருகிற நோயாளிகள் எல்லாரும் சொல்லி வைத்தது போல ஒரே வாக்கியத்தைச் சொல்வதாகச் சொன்னாள்: என்னை எப்பவுமே கொசு கடிக்காதே மிஸ்ஸி, எனக்கு எப்படி வந்தது? குணவதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோய் வந்தவர்கள் எல்லாரும் எனக்கு எப்படி வந்தது என்றுதான் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

நளாயினியையும் பிறந்ததிலிருந்து கொசு கடித்ததில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அதை மட்டும் வாங்காமல் விட்டாள் என்று வீட்டில் சொல்வார்கள். மூன்று வாரம் கழித்து அவள் தன் வார்டிலேயே நோயாளியாகப் படுத்தாள்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும்தான் அவளால் பேச முடிந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குணவதி, மகளின் கையில் அரிசி தூவியது போலக் கிடந்த கொசுக்கடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னப்ப நீங்க கேக்கல" என்றாள் நளாயினி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் குணவதிக்குத் தாங்கவில்லை.

"கேட்டிருக்கணும்."

"அப்பா வாசனை பிடிச்ச கொசுவெல்லாம் செடிக்குப் போய்ச் செத்துப்போச்சு. அப்ப யாரு மிச்சம்?"

"அப்பா வாசனை பிடிக்காத கொசு."

"அதுங்களுக்கு யாரைப் பிடிக்கும்?"

"உன்னை" என்றாள் குணவதி. "உன்ன மாதிரி ஆளுங்கள. முன்ன அப்படிப்பட்ட கொசு ஆயிரத்துல ஒண்ணு இருந்திருக்கும். மத்ததெல்லாம் நான் கொன்னுட்டேன். அந்த ஒண்ணு முட்டை போட்டு, அதோட பிள்ளைங்க முட்டை போட்டு, இப்ப ஊரு முழுக்க அதுங்கதான்."

காட்டுச் செடி ஏன் சில எறும்புகளை விட்டுவிடுகிறது என்பதன் முழு அர்த்தமும் அவளுக்கு அங்கேதான் விளங்கியது. தேன் வாசனையை விரும்பும் எறும்புகள் எல்லாவற்றையும் தின்று தீர்த்தால், தேனைத் திரும்பிப் பார்க்காத எறும்புகள்தான் மிஞ்சும். காடு அதைத் தெரிந்து வைத்திருந்தது. அவளும் பாதி தெரிந்துதான் வைத்திருந்தாள். கணவர் பிழைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் அதைத் தூக்கி எறிந்திருந்தாள். இப்போது கணவரைப் போலவே மகளும் ஒருமுறை டிங்கி வந்தவள். அடுத்தது வந்தால் அவளுக்கும் ஆபத்து.

ஆணையத்தில் ரொஸ்லினா அவள் சொன்னதை உடனே ஏற்றுக்கொண்டார். தீர்வில்தான் இருவரும் பிரிந்தார்கள். செடியில் வாசனையை மாற்றிவிடலாம், இந்த முறை நளாயினி வகை என்றார் ரொஸ்லினா. அப்படிச் செய்தால் சில வருடங்களில் மூன்றாவது ஒரு வகை மனிதர்கள் மாட்டுவார்கள், அப்புறம் நான்காவது, இது சுற்றிச் சுற்றி வரும் என்றாள் குணவதி. எல்லார் வாசனையையும் கலந்துவிட்டால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அப்படி வாசம் வீசும் மனிதன் உலகத்தில் இல்லை, கொசு ஏமாறாது என்று பதில் சொன்னாள். செடிக்குக் காயும் நேரத்தைத் திருப்பிக் கொடுப்போம், பாதிக் கொசு சாகட்டும், பாதி தப்பட்டும், எல்லா ருசியுள்ள கொசுவும் இருக்கும், யார் தலையிலும் மொத்தமாக விடியாது என்று வாதாடினாள்.

ரொஸ்லினா பொறுமையாகக் கேட்டார். கொசுவைத் தெரிந்தே தப்பவிடும் செடியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று எந்த அமைச்சரிடம் போய் நிற்பது என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்து, புது வாசனை வந்தால் பிழைக்கப்போவது உங்கள் மகள்தானே என்றார். வேண்டாம் என்று சொல்லக் குணவதிக்கு வாய் வரவில்லை, அவள் தாய். செடியில் புது வாசனையை ஏற்ற ஒரு வருடம் பிடிக்கும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து வேலையைத் தொடங்கினாள். மகளின் பழைய சட்டையைக் குழாயில் வைத்துச் சோதித்த அன்று, தான் ஒரு கொலைப்பட்டியலில் பெயர் எழுதுவது போல இருந்தது. யார் பெயர் என்றுதான் தெரியவில்லை.

அந்த வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது ஒரு புகார் வந்தது. ஓர் அடுக்குமாடியில் செடிகள் சோம்பேறியாகிவிட்டன, வந்து உட்காரும் கொசுவில் பாதிகூட விழுவதில்லை, மாற்றித் தாருங்கள் என்று குடியிருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். முகவரியைப் பார்த்தால் அவள் குடியிருக்கும் அதே கட்டிடம்.

அவளுக்கு அது விசித்திரமாகப் பட்டது. நகரத்திலேயே நளாயினி வகை ஆட்களுக்குப் புதிதாகக் காய்ச்சல் வராத கட்டிடமும் அதுதான். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. ஒவ்வொரு கட்டிடமும் அதற்கு ஒரு தனி ஊர். அங்கே பிடித்த கொசுக்களை, ஒரு முனையில் கணவர் பனியனும் மறுமுனையில் மகள் சட்டையும் வைத்த கண்ணாடிக் குழாயில் விட்டுப் பார்த்தாள். மற்ற இடத்துக் கொசுக்கள் நளாயினி சட்டையிடம் ஓடின. இவை பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். செடி தானாகவே காட்டுக் குணத்துக்குத் திரும்பிவிட்டதோ, மரபணு ஏதாவது மாறிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. காலையில் விளிம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க, விடிந்தும் விடியாத நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள்.

நடைபாதையின் கோடியில் தியாகராஜன் நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடக்கும் துண்டால் ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பையும் சுற்றித் துடைத்து, விரலால் தொட்டுப் பார்த்து, அடுத்ததற்குப் போனார். கரும்பலகையைத் துடைத்த கை. மூலையில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. காலை நடை போகிறேன் என்று அவர் மாதக்கணக்காகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது இதற்குத்தான்.

"என்னங்க பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டாலும் காட்டிக்கொள்ளவில்லை. "பாத்தா தெரியலையா? தொடைக்கிறேன்."

"எவ்வளவு நாளா?"

"பாப்பா காய்ச்சல்ல படுத்ததுலேருந்து. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. கொசு வர்ற நேரம் அதுதானே."

"காஞ்சா கொசு தப்பிச்சுடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமலா? கல்யாணம் ஆனதுலேருந்து இதைத்தானே சோத்தோட சேத்துப் போட்டே. காஞ்ச விளிம்புல எறும்பு வழுக்காதுன்னு. கொசுவுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"தப்பிக்கிறது உங்களத் தேடி வர்ற கொசு. உங்களுக்கு இன்னொரு தடவ வந்தா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரே."

"என்னத் தேடி வர்றது உசுரோட இருந்து அதே தண்ணில முட்டை போட்டாத்தான், பாப்பாவத் தேடி வர்றது குறையும்." அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். "அவளுக்குப் பங்கு ரொம்ப அதிகமாப் போச்சு குணா. என் பங்க நான் எடுத்துக்கறேன். அதுல உனக்கு என்ன?"

உனக்கு என்ன என்று கேட்டுவிட்டார். யாருக்காக அவள் அந்தச் செடியை உண்டாக்கினாள்? அவளுக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே, இந்த மனிதரைப் போல ஒருவரை இன்னொரு பிறவியில் தேடினாலும் கிடைக்காது என்றும் தோன்றியது. இரண்டையும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "வயசான காலத்துல படி ஏறி இறங்கிட்டு" என்று மட்டும் சொன்னாள். அழுகை வந்துவிட்டது.

வீட்டில் நளாயினிக்குத் தெரிந்தபோது அவள் குடித்துக்கொண்டிருந்த மைலோவை அப்படியே வைத்துவிட்டாள். "ஒருத்தர் என் வாசனையச் செடியில ஏத்தறீங்க, ஒருத்தர் எனக்காகக் கடி வாங்கறீங்க. ரெண்டு பேரும் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். அம்மா பக்கம் திரும்பித் தொடர்ந்தாள். "என் வாசனைய வெச்சு நான் பிழைச்சா, அடுத்த தடவ வார்டுக்கு வர்றவங்களுக்கு ட்ரிப் ஏத்தப்போறது நான்தான். அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது? காயவிடுங்கம்மா. ஆனா எல்லாக் கட்டிடத்துலயும் காயணும். அப்பா துண்டு பத்தாது."

குணவதி மறுநாள் ஆணையத்துக்குப் போனாள். கண்ணாடிக் குழாயையும் இரண்டு கூண்டுக் கொசுக்களையும் மேசை மேல் வைத்து, எல்லார் கண்ணெதிரிலும் திறந்துவிட்டாள். ஊர்க் கொசுக்கள் ஒரே பக்கம் மொய்த்தன. அவள் கட்டிடத்துக் கொசுக்கள் இரண்டாகப் பிரிந்தன. எப்படி என்று ரொஸ்லினா கேட்டார். விளிம்பைக் காயவிட்டதால் என்றாள் குணவதி. யார் காயவிட்டது என்று கேட்டதற்கும் மறைக்காமல் சொன்னாள்.

காயும் நேரம் வந்தால் வருடத்துக்கு எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும் என்று ரொஸ்லினா கேட்டார். இப்போது வருவதைவிடக் குறைவு, ஆனால் ஒருபோதும் பூஜ்யமாகாது என்றாள். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றார். முடியாது, அதற்காகத்தான் கேட்கிறேன் என்றாள். ரொஸ்லினா கடைசியாக, "உங்கள் வீட்டில்?" என்று கேட்டார்.

"என் வீட்டிலும்" என்றாள் குணவதி.

புது வாசனைத் திட்டத்தை நிறுத்திவைத்து, அவர்கள் வட்டாரத்தில் மட்டும் முதலில் செய்து பார்க்கச் சம்மதித்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நடைபாதைகளில் எல்லாம் புதுச் செடிகள் தொங்கின. காலையிலும் மாலையிலும் அவற்றின் விளிம்பு தானாகவே கொஞ்ச நேரம் காய்ந்து, மறுபடி நனைந்தது. குடியிருப்பவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நாலாவது வீட்டு மேகலா, நல்லா இருந்த செடிய மாத்தி ஓட்டைச் செடியக் கொண்டாந்து மாட்டிட்டாங்க என்று குணவதி காதில் விழும்படியே சொன்னாள். எடுத்துச் சொன்னபோது, அது சரிதான், ஆனா என் பிள்ளையக் கடிச்சா நான் சும்மா இருக்க மாட்டேன் என்றாள். அவளைக் குறை சொல்லக் குணவதிக்குத் தோன்றவில்லை.

செடி மாற்றிய இரண்டாம் மாதத்தில் ஒரு மாலை. தியாகராஜன் இப்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் நடைபாதையில் உட்கார்ந்தார், மகளின் கட்டளை. அன்று புழுக்கத்தில் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். நளாயினி வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வார்டில் இந்த மாதம் வந்த டிங்கி நோயாளிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை குறைவு. கொசு கடிக்காதே என்று சொல்பவர்களும் வருகிறார்களாம், தினமும் கடிபடுகிறவர்களும் வருகிறார்களாம். குணவதி நாள் முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட செய்தி அது. கேட்டுக்கொண்டே வந்தவள், கணவர் கையில் ஒரு கொசு வந்து உட்கார்வதைப் பார்த்தாள். கால்களில் ஏடிஸின் வெள்ளைப் பட்டை.

ஆணையத்தில் அவள் வாதாடி வாங்கிக் கொடுத்த உயிர் அது. அதெல்லாம் அந்த நொடியில் அவள் நினைவில் இல்லை. எட்டி ஓங்கி ஓர் அடி வைத்தாள். தியாகராஜன் "ஆ" என்றார்.

கையை எடுத்துப் பார்த்தாள். கொசு நசுங்கியிருந்தது. அதைச் சுற்றி, குங்குமம் சிந்தியது போல ரத்தம்.

"கடிச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லையே. இப்பத்தானே வந்து உக்காந்துச்சு. கடிக்கிறதுக்குள்ள நீதான் அடிச்சுட்டியே."

நளாயினி அப்பாவின் கையைத் தன் பக்கம் திருப்பி, தோலை விரலால் தடவிப் பார்த்தாள். கடித்த தழும்பு எதுவும் இல்லை. குடிக்க நேரமே இருந்திருக்காது. தன் கைகளையும் அம்மா கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அப்ப இது யாரோட ரத்தம்?" என்றாள்.

மூன்று பேரும் நடைபாதையைப் பார்த்தார்கள். ஏழெட்டு வீடுகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. மேகலா வீட்டில் தாளிக்கும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டில் யாரோ பிள்ளையைக் குளிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.